தனித்து வாழாத கலம்

நோய்க்கும் உடலுக்குமிடையே நிகழும் போராட்டத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் போர்க்களத்துச் சொற்களையே கையாளுகின்றனர். குருதியிலுள்ள வெண்குழியங்கள் படைவீரர் எனப்படுகின்றன, கிருமிகள் பகைவர் ஆகின்றன, உடல் கோட்டையாகின்றது. இவ்வுவமை கேட்பதற்கு எளிது. மாணவர் மனத்திலும் விரைவிற் பதிவது. ஆயினும் இதனுள்ளே ஒரு கேள்வி மறைந்துபோகின்றது. வீரன் எவ்வாறு வெல்கின்றான் என்பது சொல்லப்படுகின்றது. அவன் யாரால் உயிர் வாழ்கின்றான் என்பது சொல்லப்படுவதில்லை. பரணி இலக்கியமும் இத்தகையதே. ஆயிரம் யானைகளைக் களத்தில் வீழ்த்தியவனை அது பாடும். அவனுக்கு நெல் விளைத்தவனை அதிலே தேடிக் காண்பது அரிது.

விஞ்ஞான வரலாற்றிலும் இக்கேள்வி நெடுங்காலம் எழவில்லை. எழுந்தபொழுது, கோட்பாட்டிலிருந்தன்றி ஆய்வுகூடத்துக் கண்ணாடிக் கிண்ணத்திலிருந்தே எழுந்தது. உடலிலிருந்து எடுத்த நிணநீர்க்குழியங்களை வெல்லமும் உப்பும் அமினோவமிலங்களும் சேர்ந்த வளர்ப்பூடகத்தில் இட்டு, உடலின் வெப்பத்திலேயே வைத்துப் பேணினாலும் அவை சில நாட்களில் மாண்டன. உணவு இருந்தது, வெப்பம் இருந்தது, நஞ்சு எதுவும் இருக்கவில்லை. எனினும் அவை வாழவில்லை. உடலிலே அவற்றுக்குக் கிடைத்த ஏதோ ஒன்று கிண்ணத்தில் இல்லை. அது யாது என்பதை அறிவதற்கு அரை நூற்றாண்டு சென்றது. அந்த அரை நூற்றாண்டின் கதையையே இக்கட்டுரையில் நாம் நோக்குகின்றோம்.

இந்நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நிணநீர்க்குழியம் என்பது பயனறியப்படாத சிறு கலம். அது பெருகாது, எதனையும் விழுங்காது, பிறந்து சில நாளில் இறந்துபோவது என்றே கருதப்பட்டது. 1950களின் பிற்பகுதியில் ஒக்ஸ்போட்டில் ஜேம்ஸ் கவன்ஸ் என்பார், எலிகளின் நெஞ்சுப் பகுதியிலுள்ள பெரிய நிணநீர்க் குழாயிலிருந்து நிணநீரைத் தொடர்ந்து வடித்தெடுத்து ஆராய்ந்தார். வடிக்க வடிக்கக் குழியங்களின் தொகை குறைந்தது. அவற்றையே மீண்டும் குருதியிற் செலுத்தியபொழுது நிணநீரில் அவை திரும்பவும் தோன்றின. குருதியிலிருந்து நிணநீர்க்கணுக்களுக்கும், அங்கிருந்து நிணநீர் வழியே மீண்டும் குருதிக்கும் அவை ஓயாது சுற்றிவருகின்றன என்பது இதனாற் புலனாயிற்று. மாண்டுபோவதற்கென்றே பிறந்தவை எனப்பட்டவை உண்மையில் நெடுந்தூரம் பயணஞ்செய்பவையாயிருந்தன. பயணஞ்செய்பவை எங்கேனும் யாரையேனும் சந்திக்க வேண்டுமன்றோ?

மார்பெலும்பின் பின்னே அமைந்த தைமசுச் சுரப்பிக்கும் இத்தகைய இகழ்ச்சியே வாய்த்திருந்தது. 1961ஆம் ஆண்டில் லண்டனில் ஜாக் மில்லர் என்னும் இளம் ஆராய்ச்சியாளர், வைரசினாற் சுண்டெலிகளுக்கு உண்டாகும் வெண்குருதிப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதன் பொருட்டு, பிறந்த சுண்டெலிகளின் தைமசை உடனடியாக அகற்றினார். அவற்றுட் பல மெலிந்து மாண்டன. எஞ்சியவற்றின் குருதியில் நிணநீர்க்குழியங்கள் மிகக் குறைந்திருந்தன. வேற்றினச் சுண்டெலியின் தோலை ஒட்டினாலும் அவை அதனைத் தள்ளவில்லை. பயனற்றது எனப்பட்ட உறுப்பே நோயெதிர்ப்பின் நாற்றங்கால் என்பது வெளிப்பட்டது. இதனை ஏற்பதற்கு அறிஞருலகம் தயங்கிற்று. ஒட்டுத்தோல் ஆராய்ச்சிக்காக 1960இல் நோபல் பரிசு பெற்ற பீற்றர் மெடவாரே, 1963இலும் தைமசில் நிணநீர்க்குழியங்கள் நிறைந்திருப்பதைப் பரிணாமத்தின் தற்செயலாகக் கருதினார். பேரறிஞராயினும் அவர் தம் காலத்தின் பிள்ளையே என்க. தைமசில் முதிரும் இக்குழியங்களே பின்னர் அச்சுரப்பியின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்தைக் கொண்டு ரீ-கலங்கள் எனப் பெயர்பெற்றன.

1966இல் அமெரிக்காவின் டென்வரிலும், 1968இல் மெல்பேர்னிலும் நடந்த பரிசோதனைகள் இக்கதையிலே திருப்பத்தை உண்டாக்கின. மெல்பேர்னில் மில்லரும் அவருடைய மாணவர் கிறஹம் மிச்சலும், பிறபொருளெதிரிகளை உண்டாக்குபவை என்புமச்சையிலிருந்து வரும் கலங்களே எனக் கண்டனர். ஆனால் அவை தைமசுக் கலங்களின் துணையின்றி அத்தொழிலைச் சரிவரச் செய்வதில்லை. இருவேறு கலங்கள் கூடியே ஒரு தொழில் நடைபெறுகின்றது. கலம் என்றால் தானே முழுமையான ஒரு தனியன் என்று எண்ணிப் பழகியோர்க்கு இது புதுமையாகவே தோன்றிற்று.

இனி, கண்ணாடிக் கிண்ணத்துக்கு வருவோம். 1960இல் பிலடெல்பியாவிலுள்ள பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பீற்றர் நோவெல் என்பார் குருதியிலிருந்து வெண்குழியங்களைப் பிரித்தெடுப்பதற்குச் சிவப்பு அவரை விதையின் சாறு ஒன்றைப் பயன்படுத்தினார். நம் மலைநாட்டுத் தோட்டங்களில் விளையும் போஞ்சியும் அவ்வவரையும் ஒரே இனம். காயாக உண்பதும் விதையாக உண்பதுமே வேறுபாடு. செங்குழியங்களை ஒட்டித் திரளச் செய்வதற்காகச் சேர்த்த அச்சாறு, எவரும் எதிர்பாராத வகையில் நிணநீர்க்குழியங்களைப் பிரிந்து பெருகச் செய்தது. பெருகாத கலம் என்ற பழங்கொள்கை அவரை விதையொன்றினால் வீழ்ந்தது. எனினும் சிலமுறை பிரிந்தபின் அவையும் மாண்டன. எழுப்புவது ஒன்று, வாழ்விப்பது வேறொன்று என்பதை அறிஞர் இங்கேதான் உணரத் தொடங்கினர்.

1965இல் கனடாவின் மொன்றியல் நகரில் இரு குழுவினர் தனித்தனியே ஒரு செய்தியை வெளியிட்டனர். இருவருடைய வெண்குழியங்களை ஒன்றாகக் கலந்து வளர்த்தால் அவை ஒன்றையொன்று அயலெனக் கண்டு பெருகும் என்பது முன்னரே அறியப்பட்டது. அக்கலங்களை நீக்கிவிட்டு, அவை வாழ்ந்திருந்த நீரை மட்டும் எடுத்து வேறு கலங்களுக்கு இட்டாலும் அவையும் பெருகின என்பதே புதிய செய்தி. கலங்களை ஆராய்ந்தபின் கழித்து ஊற்றப்படும் நீர் அது. ஆராய்வோர் பார்வை முழுவதும் கலத்திலேயே இருந்தமையால், அது தன்னைச் சூழ்ந்த நீரில் என்ன சொல்லிவிட்டுச் சென்றது என்பதை அதுவரை எவரும் கேட்கவில்லை. பின்வந்த ஆண்டுகளில் உலகெங்கும் ஆய்வுகூடங்கள் இக்கழிநீரை ஆராயத் தலைப்பட்டன. ஒவ்வொரு கூடமும் தான் கண்ட பொருளுக்குத் தன் விருப்பப்படி ஒரு பெயர் வைத்தது. ஒரே பொருளுக்குப் பல பெயர், பல பொருளுக்கு ஒரே பெயர் என்ற நிலை ஏற்பட்டது.

1976இல் வந்த முன்னேற்றம் ஒரு தோல்வியின் வயிற்றிற் பிறந்தது. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தில் றொபேட் கலோவின் ஆய்வுகூடத்தினர், வெண்குருதிப் புற்றுநோயை ஆராய்வதற்காக என்புமச்சைக் கலங்களைக் கிண்ணத்தில் வளர்க்க முயன்றனர். அவரைச் சாற்றினால் எழுப்பப்பட்ட நிணநீர்க்குழியங்களின் கழிநீரை அதற்கு ஊட்டமாகச் சேர்த்தனர். டொறிஸ் மோர்கன், பிரான்சிஸ் றசெற்றி ஆகியோர் கிண்ணத்தை நோக்கியபொழுது, வளர வேண்டிய கலங்கள் வளரவில்லை, வளர்ந்தவை ரீ-கலங்கள். அவையும் சில நாட்களல்ல, பல மாதங்கள் வளர்ந்தன. அடுத்த ஆண்டு டார்ட்மத்தில் ஸ்டீவன் ஜிலிஸ், கெண்டல் ஸ்மித் ஆகியோர் இந்நீரைக் கொண்டு, புற்றுக்கலங்களைக் கொல்லவல்ல ரீ-கலங்களை நீண்ட காலம் வளர்த்தனர். கழிநீரிலுள்ள பொருளின் வலுவை அளக்கும் முறையொன்றையும் வகுத்தனர். அளவுகோல் பிறந்தபின்னரே பெயர்க் குழப்பம் தீரும் வழி பிறந்தது. 1979இல் சுவிற்சர்லாந்தின் எர்மாற்றிங்கன் என்னும் சிற்றூரில் கூடிய மாநாட்டையொட்டி, பல பெயர்களைக் களைந்து 'இன்ரலூக்கின்' என்ற பெயரை ஆராய்ச்சியாளர் வகுத்தனர். வெண்குழியங்களுக்கு இடைப்பட்டது என்பதே அச்சொல்லின் பொருள். ரீ-கலத்தை வாழ்விக்கும் பொருள் இன்ரலூக்கின்-2 ஆயிற்று. 1983இல் யப்பானியரான தடட்சுகு தனிகுச்சியும் அவருடைய குழுவினரும் அதன் பரம்பரையலகைப் பிரித்தெடுத்தனர். அது 133 அமினோவமிலங்கள் கோத்த ஒரு சிறு புரதம்.

இப்புரதத்தின் இயல்பிலே ஒரு நுட்பம் உண்டு. இதனைப் பெரும்பாலும் ஆக்குபவையும் ரீ-கலங்களே. கேட்பவையும் பெரும்பாலும் ரீ-கலங்களே. ஆனால் உறங்கிக் கிடக்கும் ரீ-கலத்தின் மேற்பரப்பில் இச்சொல்லைச் செவ்வனே கேட்கும் 'வாங்கி' இல்லை. தனக்குரிய பிறபொருளைக் கண்டு விழித்தெழுந்த பின்னரே அவ்வாங்கி முழுமையாகத் தோன்றுகின்றது. ஆகவே, அழைக்கப்பட்டவை மட்டுமே கேட்கின்றன. மற்றவை அதே நீரில் இருந்தும் செவிடாயிருக்கின்றன.

அவ்வாறாயின் முதலில் அழைப்பது யார்? இதற்கு விடை கூறியவர் நியூயோர்க்கின் றொக்பெல்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றால்ப் ஸ்டைன்மன். 1973இல் இவரும் சன்வில் கோன் என்பாரும், சுண்டெலியின் மண்ணீரலில் மரக்கிளைபோன்ற நீட்சிகளையுடைய அரிய கலம் ஒன்றைக் கண்டு விவரித்தனர். இது வேறு கலங்களின் மாற்றுருவமே என்று பலரும் பல ஆண்டுகள் ஐயுற்றனர். தோல், நுரையீரல், குடல் முதலிய இடங்களில் தங்கியிருக்கும் இக்கிளைக்கலம் கிருமியின் துண்டுகளைச் சேகரித்து, நிணநீர்க்கணுவுக்குச் சென்று, சுற்றிவரும் ரீ-கலங்களுக்குக் காட்டுகின்றது. கவன்ஸ் கண்ட பயணத்தின் பொருள் இப்பொழுது விளங்குகின்றது. ஸ்டைன்மன் 2011 செப்ரெம்பர் 30ஆம் நாள் புற்றுநோயால் இறந்தார். தாம் கண்டறிந்த கிளைக்கலங்களைக் கொண்டே தம் நோய்க்கு மருத்துவம் செய்துகொண்டவர் அவர். அவருக்கு நோபல் பரிசு என்ற அறிவிப்பு மூன்று நாள் கழித்து வந்தது.

கிருமியின் துண்டைக் காட்டினால் மட்டும் போதாது என்பது இன்னொரு முக்கியமான செய்தி. 1970இலும் 1975இலும் கோட்பாடாக முன்வைக்கப்பட்ட இக்கருத்தை, 1987இல் ஜென்கின்ஸ், சுவாட்ஸ் என்போர் பரிசோதனையால் வலுப்படுத்தினர். இரசாயனத்தால் செயலிழக்கச் செய்த கலங்களைக் கொண்டு அவர்கள் ரீ-கலங்களுக்குப் பிறபொருளைக் காட்டினர். ரீ-கலங்கள் எழவில்லை. பின்னர் முறையாகக் காட்டியபொழுதும் அவை எழவில்லை. காட்டும் கலம் உயிர்ப்போடிருந்து, தன் மேற்பரப்பிலுள்ள வேறொரு புரதத்தால் ரீ-கலத்தைத் தொட்டு இரண்டாவது சமிக்ஞையொன்றையும் தரவேண்டும். முதற் சமிக்ஞை 'எதனை' என்பதைச் சொல்கின்றது. இரண்டாவது 'இப்பொழுது' என்பதைச் சொல்கின்றது. இரண்டாவது இன்றி முதலாவதை மட்டும் கேட்ட கலம் மரத்துப்போகின்றது. நம் உடலின் சொந்தப் புரதங்களின்மீது ரீ-கலங்கள் பாயாதிருப்பதற்கு இவ்வேற்பாடும் ஒரு காரணமாகும்.

இவ்வுரையாடலில் மூன்றாவது ஆளும் உண்டு. ரீ-கலங்களுள் உதவிக் கலங்கள், கொல்லும் கலங்கள் என இருவகை உண்டு. உதவிக் கலம் கொல்லும் கலத்துக்கு எவ்வாறு உதவுகின்றது என்ற கேள்விக்கு 1998இல் மூன்று குழுவினர் ஒரே வேளையில் விடை கூறினர். உதவிக் கலம் முதலில் கிளைக்கலத்தோடு பேசி அதனைத் தகுதிப்படுத்துகின்றது. அவ்வாறு தகுதிபெற்ற கிளைக்கலமே பின்னர் கொல்லும் கலத்தை எழுப்புகின்றது. இரு ரீ-கலங்களும் ஒரே வேளையில் அங்கு இருக்க வேண்டியதுமில்லை. உதவியின்றி எழுப்பப்பட்ட கொல்லும் கலங்கள் முதன்முறை தொழிற்பட்டாலும், அதே பகையை மறுமுறை சந்திக்கையில் பெருகாமல் மடிகின்றன என்பது 2003இல் தெரியவந்தது. ஆரம்பத்தில் நிகழ்ந்த பேச்சின் குறை நெடுநாள் கழித்து மரணமாக வெளிப்படுகின்றது.

இப்பேச்சு அறுபட்டால் மனிதனுக்கு யாது நேரும் என்பதைப் பரிசோதனைக் கூடத்திற்கு வெளியே வரலாறு காட்டியது. 1981 யூன் மாதத்தில், லொஸ் ஏஞ்சலீசில் ஐந்து இளைஞர்க்கு அரிய நுரையீரல் நோயொன்று கண்டதாக அமெரிக்க அரசின் வார இதழொன்றில் சிறு குறிப்பு வெளிவந்தது. எயிட்ஸ் என்று பின்னர் பெயர்பெற்ற நோயின் முதல் அறிவிப்பு அதுவே. அந்நோயாளரின் உடலில் உதவிக் கலங்களே அழிந்துகொண்டிருந்தன. கொல்லும் கலங்களும், பிறபொருளெதிரியை ஆக்கும் கலங்களும் எண்ணிக்கையில் அவ்வாறு அழியவில்லை. எனினும் அவையும் வலுவிழந்தன. சாதாரண உடல் பொருட்படுத்தாத பூஞ்சணமும் காசநோயும் அவர்களைக் கொன்றன. 1983இல் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லுக் மொன்தாஞே ஆகியோரின் குழுவினர் நோயாளி ஒருவரின் நிணநீர்க்கணுக் கலங்களை வளர்த்து அதிலே வைரசைக் கண்டனர். அக்கலங்களைக் கிண்ணத்தில் வாழவைத்தது ஏழாண்டுக்கு முன் தற்செயலாக வெளிப்பட்ட அந்த இன்ரலூக்கின்-2 ஆகும். வைரசு கலங்களை அழிக்கத் தொடங்கியபொழுது, குருதிக் கொடையாளர் ஒருவரின் நிணநீர்க்குழியங்களைச் சேர்த்தே வளர்ப்பைத் தொடர்ந்தனர். பெயரறியாத அக்கொடையாளருக்கும் இக்கண்டுபிடிப்பில் பங்குண்டு.

அந்நோயினால் முதலில் மடிந்தோர் அமெரிக்கச் சமுதாயம் ஒதுக்கிவைத்த ஓரினச் சேர்க்கையாளரும், போதைப்பொருளை ஊசியால் ஏற்றிக்கொள்வோரும், குருதி ஏற்றப்பட்டோரும் ஆவர். அவர்தம் குரல் ஆளுவோர் செவியில் விழக் காலஞ்சென்றது. அமெரிக்க சனாதிபதி றேகனும் பிரெஞ்சுப் பிரதமர் ஷிராக்கும் 1987இல் இவ்வைரசுக்கான குருதிச் சோதனையின் காப்புரிமை வருமானத்தைப் பங்கிடும் உடன்பாட்டை அறிவித்தனர். இந்நோயைப் பற்றி றேகன் முதன்முறையாக விரிவாக உரையாற்றியதும் முதல் அறிவிப்புக்கு ஆறு ஆண்டு கழிந்த அதே 1987இலேதான். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது வாசகர்க்குப் பயன்தரும்.

உதவிக் கலங்கள் குறைவதே நோயென்றால், அவற்றை வளர்க்கும் இன்ரலூக்கின்-2ஐ ஊசியால் ஏற்றினால் என்ன? இது நியாயமான கேள்வியே. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளரைக் கொண்டு நடத்தப்பெற்ற இரண்டு பெரிய பரிசோதனைகளின் முடிவு 2009இல் வெளிவந்தது. மருந்து பெற்றோரின் குருதியில் உதவிக் கலங்களின் தொகை உயர்ந்தது. ஆனால் நோயும் மரணமும் குறையவில்லை. எண்ணிக்கை ஏறியதே தவிர, பாதுகாப்பு ஏறவில்லை. உடலிலே இப்பொருள் ஒரு கலம் தன் அண்டைக் கலத்தோடு பேசும் பேச்சு. ஊசியிலே அது ஊர் முழுவதும் கேட்கும் கூச்சல். சிறுநீரகப் புற்றுநோய்க்கும் கருநிறப் புற்றுநோய்க்கும் இதனை மிகுந்த அளவில் கொடுக்கும் மருத்துவம் அமெரிக்காவில் முறையே 1992இலும் 1998இலும் அனுமதிபெற்றது. சிலர் முற்றாகக் குணமடைந்தனர் என்பதை மறுக்கவியலாது; ஆனால் குருதிக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து உயிருக்கே ஆபத்தாகும் நிலையையும் பலர் சந்தித்தனர்.

சுண்டெலிகளும் வேறொரு பாடம் கற்பித்தன. இன்ரலூக்கின்-2இன் பரம்பரையலகை நீக்கி வளர்த்த சுண்டெலிகளுக்கு நோயெதிர்ப்பு முற்றாக அற்றுப்போகும் என்றே எதிர்பார்த்தனர். 1990களின் தொடக்கத்தில் கண்டது நேர்மாறு: அவற்றின் ரீ-கலங்கள் கட்டுமீறிச் சொந்தக் குடலையே தாக்கின. இதன் காரணத்தை விளக்கத் துணைநின்றவர் யப்பானின் ஷிமொன் சகாகுச்சி. இன்ரலூக்கின்-2இன் வாங்கியை எப்பொழுதும் தாங்கியிருக்கும் ஒரு சிறுபிரிவு ரீ-கலங்கள் ஏனையவற்றை அடக்கி வைக்கின்றன என்று அவர் 1995இல் காட்டினார். அவை இச்சொல் இன்றி வாழமாட்டா. வளர் என்று சிலர்க்குச் சொல்லும் அதே சொல்தான், அடங்கு என்று சொல்வோரையும் வாழவைக்கின்றது. அடக்குவோரை நம்ப மறுத்த ஒரு காலமும் நோயெதிர்ப்பு ஆராய்ச்சியில் இருந்தது. சகாகுச்சி அக்காலத்திலும் விடாது உழைத்தவர். மேரி பிறங்கோ, பிரெட் றாம்ஸ்டெல் ஆகியோருடன் 2025இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

இதுவரை கூறியவை எல்லாம் நோய்க்காலத்துப் பேச்சு. நோயற்ற காலத்தில், இன்னும் எதனையும் சந்தியாத ரீ-கலம் ஆண்டுக்கணக்கில் எவ்வாறு உயிர் தாங்குகின்றது? 1997இல் பாரிசில் நடந்த ஆராய்ச்சி, உடலின் சொந்தக் கலங்களோடு மெல்லிய தொடர்பு ஓயாது இருந்தாலன்றி அவை வாழமாட்டா எனக் காட்டிற்று. இன்ரலூக்கின்-7 என்னும் வேறொரு புரதமும் வேண்டும். இதனை ரீ-கலங்கள் தாமே ஆக்குவதில்லை. நிணநீர்க்கணுவுக்கு வலைபோன்ற சட்டகமாக அமைந்த கலங்கள் இதனைத் தருகின்றன என்று 2007இல் சுவிற்சர்லாந்தின் லோசான் நகர ஆராய்ச்சியாளர் காட்டினர். அதுவரை அவை வெறும் தூணும் உத்தரமுமாகவே எண்ணப்பட்டன. வீட்டைத் தாங்குவோர்தாம் அவ்வீட்டில் உள்ளோர்க்கு உணவும் அளித்துவந்தனர். அவர் தரும் அளவு சிறிதாகையால் உடலிலுள்ள ரீ-கலங்களின் தொகையும் அவ்வளவிலேயே நிற்கின்றது.

இவ்வறிவு முழுவதும் இன்று ஒரு மருத்துவத்தில் வந்து குவிந்துள்ளது. நோயாளியின் ரீ-கலங்களை எடுத்து, புற்றுக்கலத்தை இனங்காணும் செயற்கை வாங்கியொன்றை அவற்றில் பொருத்தி மீண்டும் உடலிற் செலுத்தும் முறை அது. முதலில் அமைத்த வாங்கிகளில் முதற் சமிக்ஞை மட்டுமே இருந்தது; அக்கலங்கள் உடலில் நிலைக்கவில்லை. இரண்டாவது சமிக்ஞையையும் வாங்கியிலேயே சேர்த்து அமைத்தபின்னர் அவை நிலைத்தன. கலங்களைப் பெருக்குவதற்குக் கிளைக்கலத்தின் இரு சமிக்ஞைகளையும் தாங்கிய நுண்மணிகள் பயன்படுத்தப்பட்டன; கிளைக்கலம் செய்வதை மணி செய்தது. இம்முறையில் முதலாவதாக அனுமதிபெற்ற மருத்துவம், நோவெல் அவரைச் சாற்றினால் நிணநீர்க்குழியங்களை எழுப்பிய அதே பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உருவானது. 2017இல் நொவார்ற்றிஸ் நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தபொழுது ஒருமுறைச் சிகிச்சைக்கு விதித்த விலை 475,000 அமெரிக்க டொலர். கழிநீரை ஆராய்ந்தோர்க்குச் சம்பளம் தந்தது பெரும்பாலும் பொதுமக்கள் செலுத்திய வரிப்பணம். விலையை நிர்ணயித்தது வேறொரு கணக்கு.

மும்பாயில் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் ராற்றா நினைவு வைத்தியசாலையும் சேர்ந்து இதே வகை மருத்துவமொன்றை ஆக்கின. 2023 ஒக்ரோபரில் அது இந்தியாவில் அனுமதிபெற்றது. அதன் விலை அமெரிக்க விலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அந்தப் பத்தில் ஒரு பங்கும், இந்நாட்டில் நம்மைப் போன்ற ஆசிரியர் ஒருவர் பத்தாண்டு உழைத்துப் பெறும் ஊதியத்தினும் மிகுதியானது.